ஒரு பெண்ணின் நாட்குறிப்பும் அக்கால உலகமும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களைப் பாராத இளைஞர் நம்முள் அரியர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், இவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுப்பதற்கு வகுத்த விதிகள் அச்சுவர்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. முப்பது குடும்புகளாக ஊர் பிரிக்கப்பட்டது; 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும்; இறை செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதக் கல்வி வேண்டும். இவ்வாறு செல்லும் அவ்விதிகளைப் பள்ளிப் பாடநூல்கள் மக்களாட்சியின் முன்னோடி என்று போற்றுகின்றன. அப்பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வினாவை எழுப்புதல் நம் கடமை. அந்நிலத்தை உழுதவன் யார்? அந்நிலத்தில் நாற்று நட்டவள் யார்? அவர்கள் அன்று என்ன நினைத்தார்கள்? கல் அதைச் சொல்லவில்லை. எழுதும் உரிமை உடையோர் தம்மைப் பற்றி எழுதினர். அவ்வுரிமை இல்லாதோர் எழுதப்படாமலே மறைந்தனர்.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், எழுத்தைக் கைப்பற்றிய ஓர் இளம்பெண்ணின் வரலாற்றை நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றேன். அவள் நம் நாட்டினள் அல்லள். எனினும் நம் நிலைக்கு அயலானவளும் அல்லள். அவளுடைய நாட்குறிப்பை அக்காலத்து உலகச் செய்திகளோடும், அக்காலத்து நம் நாட்டு நிலையோடும், நம் செங்கற்பட்டுச் சீமையின் நிலையோடும் அருகருகே வைத்துப் படித்தால், பெரிய ஏடுகள் நமக்குக் கற்பிக்காத சில உண்மைகள் புலப்படும்.

நாட்குறிப்பின் தொடக்கம்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1837ஆம் ஆண்டு சார்லட் ஃபோர்டன் என்னும் பெண் பிறந்தாள். கறுப்பினத்தவள், ஆனால் அடிமைக் குடும்பத்தவள் அல்லள். அவளுடைய பாட்டனார் ஜேம்ஸ் ஃபோர்டன் கப்பற்பாய் தைக்கும் தொழிலால் பெரும்பொருள் ஈட்டியவர். அப்பொருளையும் செல்வாக்கையும் அடிமை ஒழிப்புக்குச் செலவிட்டவர். செல்வம் இருந்தும் இழிவு நீங்கவில்லை. பிலடெல்பியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி. அத்தனிப்பள்ளிக்குத் தம் மகளை அனுப்ப மறுத்தார் அவளுடைய தந்தையார். ஆதலின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் என்னும் துறைமுக நகருக்கு அவளை அனுப்பினார். (நம் மாநிலத்துச் சேலத்தோடு இதனை மயங்கற்க, பெயர் ஒன்று, ஊர் வேறு.) அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தனர்.

1854ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், தன் பதினாறாம் வயதில், சார்லட் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். ஏன் எழுதுகிறாள் என்பதற்கு முன்னுரைபோல் ஒரு காரணமும் சொல்கிறாள். தன் வாழ்வில் நிகழ்வன பிறருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாமற் போகலாம். தனக்கு அவை பொருட்டன்றோ என்பதே அக்காரணத்தின் சாரம். எளிய காரணந்தான். ஆனால் "உன் வாழ்வு பொருட்டன்று" என்று உலகம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இனத்தின் பெண் இதை எழுதினாள் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அவள் எழுதுகோல் எடுத்த அதே நாளில், அருகிலுள்ள பாஸ்டன் நகரில் ஒரு மனிதன் சிறைப்பிடிக்கப்பட்டான். பெயர் அந்தோணி பர்ன்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து தப்பி வந்தவன். 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பிய அடிமையை எந்த மாநிலத்தில் கண்டாலும் பிடித்து உடையவனிடம் ஒப்படைத்தாக வேண்டும். மறுநாளே அச்செய்தி சார்லட்டின் ஏட்டில் இடம் பெறுகிறது. ஜூன் 2ஆம் நாள் படைவீரர் புடைசூழ, பல்லாயிரம் மக்கள் தெருவின் இருமருங்கும் நின்று கொதிக்க, பர்ன்ஸ் கப்பலேற்றப்பட்டான். அன்றைய பக்கத்தில் அப்பெண்ணின் வெட்கமும் சினமும் ஒருங்கே தெரிகின்றன. செய்தித்தாள்கள் அதனை ஒரு வழக்காக எழுதின. அவளோ, இத்தகைய நாட்டில் இருந்துகொண்டு நான் எதற்காகப் பாடம் படிக்கிறேன், எவ்வாறு படிப்பேன் என்று தன்னையே வினவிக்கொள்கிறாள். பின்னர் 1855ஆம் ஆண்டில் பர்ன்ஸ் விலை கொடுத்து மீட்கப்பட்டான் என்பதையும் சொல்லி வைக்கின்றேன்.

அதே ஆண்டுகளில் நம் நாடு

1854ஆம் ஆண்டு ஜூலையில், இந்தியக் கல்வி வரலாற்றில் பேர்பெற்ற சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை இலண்டனிலிருந்து வந்தது. பள்ளிகளுக்கு அரசு உதவி, மாநிலந்தோறும் கல்வித்துறை, பின்னர்ச் சென்னை உள்ளிட்ட மூன்று நகரங்களில் பல்கலைக் கழகம் ஆகியவை அதன் வழி வந்தவை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இவை அக்காலத்துப் பெருஞ்செய்திகள்.

ஆனால் சிறுசெய்தி ஒன்று உண்டு. நமக்கு அதுவே பெரிது. பூனா நகரில் மகாத்மா ஜோதிராவ் புலேயும் அன்னை சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் முக்தாபாய் என்னும் சிறுமி படித்தாள். தீண்டப்படாதார் எனத் தள்ளப்பட்ட மாங் சமூகத்தினள், வயது பதினான்கு. மாங், மகார் மக்களின் துயரம் பற்றி அவள் எழுதிய கட்டுரை, 'ஞானோதயா' என்னும் மராத்தி இதழில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 15, மார்ச் 1 ஆகிய நாள்களின் இதழ்களில் வெளிவந்தது. வேதம் எங்களுக்குரியதன்று எனில் எங்கள் சமயம் எது என்று அச்சிறுமி வினவினாள். பிள்ளை பெறும் வேளையிலும் கூரையின்றித் தவிக்கும் தன் இனத்துப் பெண்களைப் பற்றி எழுதினாள். கல்வி என்னும் மருந்தன்றி நம் நோய்க்கு வேறு மருந்தில்லை என்னும் கருத்தில் தன் மக்களை அழைத்தாள். இந்தியாவில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் ஒருத்தியின் எழுத்தாக நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையது இதுவே எனக் கருதப்படுகிறது.

அதே 1855 மார்ச்சில் சார்லட் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரையும் இணைக்கும் மெல்லிய இழை ஒன்று உண்டு. 1812ஆம் ஆண்டில் அந்தச் சேலம் நகரத் திருச்சபையில் திருநிலைப்படுத்தப்பட்டு இந்தியா நோக்கிப் புறப்பட்ட ஐவருள் இருவர் பம்பாயில் தொடங்கிய அமெரிக்க மிஷனே, பிற்காலத்தில் 'ஞானோதயா'வை நடத்தியது. உலகம் அக்காலத்திலேயே அத்துணைச் சிறியதாக இருந்தது. தீண்டாமையும் நிறவெறியுமே அதனைப் பெரிதாக்கி வைத்திருந்தன.

பள்ளியும் தெருவும்

1856ஆம் ஆண்டு சார்லட் பயிற்சி முடித்துச் சேலத்துப் பொதுப்பள்ளியில் ஆசிரியை ஆனாள். வெள்ளையர் பிள்ளைகளுக்குக் கறுப்பினப் பெண் ஒருத்தி பாடம் சொன்னாள். அதே 1856ஆம் ஆண்டு ஜூனில், தார்வார் நகர அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு மகார் சிறுவன் ஒருவன் விண்ணப்பித்தான். அவனைச் சேர்த்தால் ஏனையோர் பள்ளியை விட்டு விலகுவர் என்று கூறிப் பம்பாய் அரசு அவனைச் சேர்க்க மறுத்தது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பார்க்கும் உரியன என்று கம்பெனியின் இயக்குநர்கள் 1858ஆம் ஆண்டில் அறிவித்தனர். அறிவிப்பு வந்தது, வாயில் திறக்கவில்லை. ஏட்டுச் சட்டத்துக்கும் நாட்டு வழக்கத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அச்சிறுவன் அன்றே அளந்து பார்த்துவிட்டான்.

சட்டம் இடம் கொடுத்த ஊரிலும் சார்லட்டுக்கு நிறைவில்லை. அவளுடைய 1855ஆம் ஆண்டு ஏட்டில் ஒரு பகுதி நம் நெஞ்சைத் தொடுவது. வகுப்பறையில் அன்போடு பேசிப் பழகும் தோழியர், மறுநாள் தெருவில் எதிர்ப்பட்டால் கண்டும் காணாதவர்போல் நடந்துவிடுகின்றனராம். பிலடெல்பியா சென்றிருந்தபோது, 1857ஆம் ஆண்டில், ஐஸ்கிரீம் கடைகளில் அவளுக்கு ஒன்றும் தர மறுத்தனராம். இவற்றைப் படிக்கையில் நமக்கு நம் ஊர்த் தேநீர்க் கடையின் தனிக்குவளை நினைவுக்கு வரவில்லையா? பள்ளியில் ஒன்றாக அமர்ந்து, ஊர்த்தெருவில் முகம் திருப்பிக்கொண்ட பழைய தோழர் நினைவுக்கு வரவில்லையா? எந்தச் செய்தித்தாளும் 1855ஆம் ஆண்டில் இதனைச் செய்தியாக வெளியிட்டிராது. போர் செய்தி, மன்னர் முடிசூட்டு செய்தி, ஒரு பெண்ணைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்வது எப்படிச் செய்தியாகும்? ஆனால் ஓர் இனம் நாள்தோறும் சுமந்த பாரம் அதுதான். அதனைப் பதிவு செய்யும் இடம் நாட்குறிப்பு ஒன்றே.

ஏடு மௌனமான காலம்

இனி ஒரு வியப்பு. 1860ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குப் பின்னர் இரண்டாண்டுக்கு மேல் அந்த ஏட்டில் எழுத்தே இல்லை. அவ்விரண்டாண்டில் உலகச் செய்தி எத்தகையது? 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலப் பருத்தி நின்றதால் இங்கிலாந்தின் நெசவாலைகள் தவித்தன. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. நம் நாட்டில், 1862ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மனிதனை அடிமையாக வாங்குதலும் விற்றலும் குற்றமாயின. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று மட்டுமே கூறியிருந்தது.

உலகம் இவ்வளவு உரத்துப் பேசிய காலத்தில் சார்லட் மௌனமாயிருந்தாள். இடையிடையே நோயால் துன்புற்று வேலையை விட்டும் மீண்டும் சேர்ந்தும் வாழ்ந்தவள் அவள். 1862 ஜூனில் மீண்டும் எழுதத் தொடங்குகையில், கைவிட்ட பழைய தோழியிடம் மன்னிப்புக் கேட்பவள்போல் அந்த ஏட்டிடம் பேசுகிறாள். இதிலிருந்து நாம் அறிவது, நாட்குறிப்பு வரலாற்று நூல் அன்று என்பதே. அதில் இடைவெளி உண்டு, களைப்பு உண்டு, பெருநிகழ்ச்சி விடுபட்டுச் சிறுநிகழ்ச்சி இடம் பெறுதலும் உண்டு. அதனாற்றான் அதனைத் தனியே படித்தலாகாது. காலத்தின் செய்தியோடு சேர்த்தே படித்தல் வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

தீவுப் பள்ளி

1861 நவம்பரில் வடமாநிலக் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயல் துறையைக் கைப்பற்றியது. பண்ணை முதலாளிகள் ஓடிப்போயினர். ஏறத்தாழப் பதினாயிரம் அடிமைகள் அத்தீவுகளில் எஞ்சினர். அம்மாநிலச் சட்டம் அடிமைக்கு எழுத்தறிவு புகட்டுவதைக் குற்றமாக்கி வைத்திருந்தது. அவர்களுக்குக் கல்வி புகட்ட வடக்கிலிருந்து ஆசிரியர்கள் சென்றனர். 1862 அக்டோபரில் சார்லட்டும் செயின்ட் ஹெலினா தீவுக்குச் சென்றாள். (நெப்போலியன் சிறையிருந்த தீவு வேறு.) அங்கே செங்கல்லால் கட்டிய திருச்சபைக் கட்டடமே பள்ளி. பல வகுப்புகளுக்கும் ஒரே கூடத்தில் பாடம்; பகலில் பிள்ளைகள், பிற வேளைகளில் பெரியவர்கள். எழுத்துக் கற்பித்ததோடு அவள் நிற்கவில்லை. ஹெயிட்டித் தீவின் அடிமைகளைத் திரட்டிப் போராடிய டூசான் லூவெர்ச்சூரின் கதையை அப்பிள்ளைகளுக்குச் சொன்னாள். தம் நிறத்தவர் ஒருவர் செய்த பெருஞ்செயலை அவர்கள் அறிய வேண்டும் என்பதே அவள் நோக்கம்.

1863ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று. நம் நாட்டில் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக ஓராண்டு. போர்ட் ராயலில் ஓங்கிய ஓக் மரச்சோலையில் கறுப்பினப் படைவீரர் அணிவகுத்து நின்றனர். தம் அடிமைகளை முன்னரே விடுதலை செய்த தென் கரோலினாக்காரர் ஒருவர் பிரகடனத்தைப் படித்தார். அது முடிந்து கொடி அளிக்கப்பட்டதும், எவரும் ஏவாமலே கூட்டத்திலிருந்த கறுப்பின மக்கள் நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடத் தொடங்கினர். அது தம் நாடு என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு அன்றுதான் வந்தது. சார்லட் அச்சோலையில் இருந்தாள். தன் கண்ணால் கண்டதைக் கனவுபோல் இருந்தது என்று எழுதினாள்.

அவ்வாண்டு ஜூலை 18இல் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் மாசசூசெட்ஸ் 54ஆம் கறுப்பினப் படை பேரிழப்புற்றது. செய்தித்தாள்கள் மாண்டோர் தொகையையும் படைத்தலைவர் பெயரையும் வெளியிட்டன. சார்லட் மருத்துவமனைக்குச் சென்று முதல் நாள் செய்த வேலையைத் தன் ஏட்டில் குறிக்கிறாள். காயம்பட்டோரின் சட்டைகளில் குண்டும் துப்பாக்கி முனைக்கத்தியும் துளைத்த கிழிசல்களைத் தைத்தாள். போர் என்பது என்ன என்று அறிய விரும்புவோர்க்கு அந்தக் கிழிசல் போதும்.

ஒன்றை மறையாது சொல்லல் வேண்டும். சார்லட் செல்வக் குடியில் பிறந்தவள்; தீவு மக்களை அவள் அன்போடு நோக்கினும், சில பக்கங்களில் தொலைவில் நின்று வியப்பவளாகவே தெரிகிறாள். அம்மக்கள் எழுதிய நாட்குறிப்பு நமக்கில்லை. கல்வி பெற்ற நாமும், நம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி எழுதுங்கால் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

நம் செங்கற்பட்டு

அந்நாட்குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேதான், பின்னாளில் 'பறையன்' இதழை 1893இல் தொடங்கிய தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் நம் சீமையின் கோழியாளத்தில் பிறந்தார். தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1939இல் வெளியிட்டு அப்பெரியார் நமக்கு வழிகாட்டினார். ஆனால் அவர் பிறந்த காலத்தில் நம் சேரிகளில் வாழ்ந்த பாட்டிமார் யாது எழுதினர்? எழுத்து அவர்களை எட்டவில்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவதற்குக் கிடைப்பது வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரின் குறிப்பு.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். சிறு கடனுக்காகப் படியாளாய்ப் பிணைக்கப்பட்டுத் தலைமுறையாய் உழைத்தல். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கிடுதல். குடியிருக்கும் மனையும் தமதன்றாதலால், எதிர்த்துப் பேசின் குடிசையை விட்டே துரத்தப்படுதல். இவற்றை அவர் விளக்கினார். உத்திரமேரூர்க் கல்லெழுத்து 919இல் கேட்ட தகுதிகளுள் ஒன்று 'சொந்த மனை' அன்றோ? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழிந்தும் நம் முன்னோர்க்கு அது வாய்க்கவில்லை.

அவ்வறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை பிறந்தது. நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பிறருக்குக் கைமாறலாகாது என்று நிபந்தனையும் விதிக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. அந்நிலங்களுள் பல எவ்வாறு கைமாறின என்பதும், அவற்றை மீட்கச் செங்கற்பட்டில் 1994ஆம் ஆண்டு அக்டோபரில் எழுந்த போராட்டத்தில் இருவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதும் நம் மக்கள் அறிந்தவையே. சார்லட் பாடம் சொன்ன கடற்கரைத் தீவுகளிலும் இதுவே நிகழ்ந்தது. 1865 ஜனவரியில் விடுதலை பெற்றோர் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை என்று தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நிலங்களிற் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிடப் புதிய குடியரசுத் தலைவர் முனைந்தார். விடுதலை தாளில் வந்தது. நிலம் கையில் நிற்கவில்லை.

ஏடு காத்தவர்

சார்லட் 1864இல் தீவை விட்டுத் திரும்பினார். பிற்காலத்தில் மீண்டும் ஓர் ஏடு தொடங்கி 1892 வரை எழுதினார். 1914ஆம் ஆண்டு ஜூலையில் வாஷிங்டனில் மறைந்தார். அந்நாளில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் மாணவராயிருந்தார். அவ்வண்ணலே 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்தது என எடுத்துரைத்தார். அதற்கு முன்னரே, 1873இல், புலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

சார்லட்டுக்குப் பிறந்த ஒரே குழந்தை சிசுப்பருவத்திலேயே இறந்தது. ஏடுகளைக் காக்கப் பிள்ளைகள் இல்லை. அடிமைத் தாய்க்குப் பிறந்து பேராசிரியராய் உயர்ந்த அன்னா ஜூலியா கூப்பர் என்னும் அம்மையார் அவ்வேடுகளைக் காத்தார். 1953இல் அவை நூலாயின. முதல் வரி எழுதப்பட்டு 99 ஆண்டுகள் கழிந்திருந்தன. எழுதியவள் பணி பாதி. காத்தவர் பணி மறுபாதி.

இளைஞர்களே! நம் இல்லங்களில் பழைய டிரங்குப் பெட்டிகள் உண்டு. அவற்றுள் பட்டாத் தாள், பள்ளிச் சான்றிதழ், பட்டாளத்திலிருந்தோ பட்டணத்திலிருந்தோ வந்த கடிதம், இராப்பள்ளி நோட்டு, கடன் கணக்கு எழுதிய சீட்டு ஆகியவை கிடக்கும். அவற்றைக் கரையானுக்கு விடாதீர்கள். எழுதத் தெரியாத பாட்டி இருந்தால் அவர் அருகே அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு முதன்முதலில் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடந்தார், எந்தக் கிணற்றில் நீர் மறுத்தார்கள், எந்தப் பஞ்சத்தில் என்ன உண்டார் என்று கேட்டு, அவர் சொல்லையே எழுதுங்கள். அருகில் அவ்வாண்டின் உலகச் செய்தியை ஒரு வரியில் குறியுங்கள். நம் மாணவியர்க்குச் சிறப்பாக ஒரு வேண்டுகோள்: நாள்தோறும் பத்து வரி எழுதுங்கள். இடையில் விட்டுப்போனால் வருந்தற்க. சார்லட்டும் விட்டாள், மீண்டும் எழுதினாள்.

நம் முன்னோரைப் பற்றி அறியக் கலெக்டரின் குறிப்பை நாட வேண்டிய நிலை நமக்கு நேர்ந்தது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்நிலை வரலாகாது. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்த எழுத்து தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல் நம் வாழ்வையும் எழுதுமாயின், பொன்விழா மலரைத் தொகுப்போர்க்கு அயலார் ஏட்டைத் தேட வேண்டிய தேவை இராது.